ஷீத்தல் தேவியின் வில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைகள் இல்லாத ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, காலால் வில்லைத் தூக்கி, தாடையால் அம்பை விடும் சிறு காணொளி 2024இல் உலகம் முழுவதும் சுற்றியது. பார்த்தவர்கள் வியந்தார்கள், பகிர்ந்தார்கள், கண்ணீர் விட்டார்கள். அவருடைய மதிப்பெண் என்ன என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு அதில்தான் ஆர்வம் என்பதால், அவரைப் பற்றியும் அவர் ஆடும் ஆட்டத்தைப் பற்றியும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன்.

ஷீத்தல் தேவி யார்?

2007 ஜனவரி 10 அன்று ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தில், லோய்தார் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். தந்தை விவசாயி, தாய் ஆடு மேய்ப்பவர். ஃபோகோமீலியா என்னும் மிக அரிதான பிறவிக் குறைபாட்டால் அவருக்குக் கைகள் வளரவில்லை. அம்பெய்யத் தொடங்கியது 2022இல். அடுத்த ஆண்டே உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி, அதற்கடுத்த ஆண்டு பாராலிம்பிக் வெண்கலம், 2025இல் உலகப் பட்டம். கைகளோடு பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு மூன்றே ஆண்டுகளில் இது வாய்த்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கைகள் இல்லாமல் வில்லை எப்படி வளைக்கிறார்?

வில்லை வளைக்க இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று வில்லைத் தள்ள வேண்டும், மற்றொன்று நாணைப் பிடித்து நிறுத்த வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இடது கையால் தள்ளி வலது கையால் இழுப்போம். ஷீத்தலுக்கு வலது கால்தான் தள்ளும் கை, வலது தோள்தான் இழுக்கும் கை.

நாற்காலியில் அமர்ந்து, கால் விரல்களாலேயே அம்பை எடுத்து நாணில் பொருத்துகிறார். வலது தோளில் பட்டைகளால் கட்டப்பட்ட ஒரு சிறு கருவி இருக்கிறது. நாணை அதன் கொக்கியில் மாட்டிக்கொள்கிறார். பிறகு வலது பாதத்தின் விரல்களால் வில்லின் பிடியைப் பற்றி, மடக்கிய காலை மெல்ல நீட்டுகிறார். கால் நீள நீள வில் முன்னே போகிறது, நாண் தோளிலேயே நிற்கிறது. இதில் நாணை யாரும் இழுப்பதே இல்லை. வில்தான் நாணை விட்டு விலகிப் போகிறது. குறி பார்த்து முடிந்ததும் தாடையை அசைத்துக் கொக்கியை விடுவிக்கிறார்.

எழுதும்போது எளிதாகத்தான் தெரிகிறது. ஒரு காலை நீட்டி, பாதத்தின் மேல் ஒரு வில்லை ஏற்றி, ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளியில் அதை அசையாமல் நிறுத்துவது வேறு விஷயம். தொடைக்குத் தள்ளும் வலிமை உண்டு. ஆனால் விரல் நுனிகளுக்குப் பழகிய நுண்ணிய கட்டுப்பாடு பாதத்துக்கு இயல்பாக வந்துவிடாது. அது நம் பாதத்துக்குப் பொருந்தும் பேச்சு. பிறந்த நாள் முதல் கால்களாலேயே எழுதி, மரம் ஏறி வளர்ந்தவரின் பாதம் வேறு.

அந்த வில்லின் எடை 27 கிலோவாமே?

இல்லை. இது ஓயாமல் சுற்றும் தவறு. ஷீத்தல் எய்யும் காம்பவுண்ட் வகை வில் சில கிலோதான் இருக்கும். 27 கிலோ என்பது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையைக் குறிக்கும் எண். காம்பவுண்ட் வில்லுக்கு விதிகள் அனுமதிக்கும் உச்ச இழுவிசை 60 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 27 கிலோ. அதையும் குறி பார்க்கும் நேரம் முழுவதும் தாங்க வேண்டியதில்லை. இந்த வில்லின் இரு முனைகளிலும் சக்கரம் போன்ற அமைப்புகள் உள்ளன. நாணை முழுமையாக இழுத்ததும் அவை சுமையின் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்றுக்கொள்ளும். எய்பவர் தாங்குவது மிச்சமுள்ள சிறு பங்கை மட்டுமே.

கைகளைவிடக் கால்கள் வலிமையானவை. அப்படியானால் அவருக்கு அது சாதகம்தானே?

இந்தக் கேள்வியை எழுப்புபவர்கள் பொதுவாக ஷீத்தல் வென்ற மறுநாள்தான் எழுப்புகிறார்கள்.

இது பழைய கேள்வியும்கூட. நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். 1982 பிரிஸ்பேன் காமன்வெல்த் போட்டியில், நின்று எய்த அத்தனை பேரையும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வென்று தங்கம் பெற்றார். உட்கார்ந்து எய்வது சாதகமா என்று அவரிடம் கேட்டார்கள். தெரியவில்லை, நான் நின்று எய்ததே இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் யார்?

கத்ராவில், மாதா வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் விளையாட்டு வளாகத்தில் பயிற்சியாளர்கள் குல்தீப் வேத்வானும் அபிலாஷா சௌத்ரியும் அவருக்குப் பயிற்சி அளித்தார்கள். கைகள் இல்லாத ஒருவருக்கு அவர்கள் அதற்குமுன் கற்றுக்கொடுத்ததில்லை. அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது அமெரிக்காவின் மேட் ஸ்டட்ஸ்மேன் எய்யும் காட்சிகள். அவரும் கைகள் இல்லாமல் பிறந்தவர், 2012 லண்டன் பாராலிம்பிக்கில் வெள்ளி வென்றவர்.

ஆனால் ஒருவரின் உடலுக்கு அமைந்த முறை இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது. தோளில் மாட்டும் கருவியை ஷீத்தலின் அளவுக்கு உள்ளூரிலேயே செய்ய வேண்டியிருந்தது. முதலில் இலக்கை ஐந்து மீட்டர் தூரத்தில் வைத்துத் தொடங்கினார்கள். சில மாதங்களில் அது ஐம்பது மீட்டருக்குப் போனது. நாளொன்றுக்கு ஐம்பது, நூறு அம்புகள் என்று இருந்த பயிற்சி முந்நூறு வரை ஏறியது. முந்நூறு முறை காலை மடக்கி நீட்டுவது எவ்வளவு கடினம் என்பது, அம்பே இல்லாமல் முப்பது முறை செய்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

செயற்கைக் கைகள் பொருத்தியிருக்கலாமே?

முயன்றார்கள். அவருக்குச் சரிவரவில்லை. அந்த முயற்சிக்காக நடந்த பரிசோதனைகளின்போதுதான் அவருடைய கால்களின் வலிமை கவனத்துக்கு வந்தது, விளையாட்டுப் பக்கம் திருப்பப்பட்டார். இல்லாததை ஒட்டவைக்கப் போன இடத்தில் இருப்பது என்ன என்று கண்டுகொண்டார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டியில் யார் யாரோடு மோதுவது என்று எப்படி முடிவாகிறது?

மருத்துவமும் விளையாட்டும் அறிந்த வகைப்படுத்துநர்கள் வீரரை நேரில் சோதிப்பார்கள். தசை வலிமை, மூட்டுகளின் அசைவு, உறுப்பிழப்பு, உடல் நிலைத்தன்மை ஆகியவற்றைப் பார்த்துப் பிரிவை முடிவு செய்வார்கள். பாராலிம்பிக்கில் இரண்டு பிரிவுகள் உள்ளன. கைகள், கால்கள், உடற்பகுதி என எல்லாவற்றிலும் கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் டபிள்யூ1 பிரிவு. மற்றவர்கள் ஓப்பன் பிரிவு. சக்கர நாற்காலியில் இருப்பவர், ஸ்டூலில் அமர்பவர், ஒரு காலில் குறையோடு நின்று எய்பவர், ஷீத்தல் என எல்லோரும் ஓப்பன் பிரிவில் ஒரே இலக்கை நோக்கித்தான் எய்கிறார்கள்.

யாருக்கு எந்தத் துணைக்கருவி அனுமதி என்பதும் அப்போதே எழுதப்படும். உடலை நாற்காலியோடு சேர்த்துக் கட்டும் பட்டை, மணிக்கட்டுத் தாங்கி, பற்களால் கடித்து இழுக்க நாணில் கட்டும் பட்டி, அம்பைப் பொருத்தித் தரும் உதவியாளர் என்று அந்தப் பட்டியல் நீளும். அமெரிக்காவின் ஜெஃப் ஃபேப்ரி விபத்தில் வலது கையையும் வலது காலையும் இழந்தவர். அவர் பற்களால் நாணை இழுத்து 2012இல் டபிள்யூ1 பிரிவில் தங்கம் வென்றார்.

இந்த வகைப்படுத்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைப் பலர் பேசுவதில்லை. பிரிட்டனின் டேனியல் பிரவுன் பாதங்களில் தீராத வலி தரும் நோய் உள்ளவர். 2008, 2012 என அடுத்தடுத்து இரண்டு பாராலிம்பிக் தங்கங்களை வென்றார். இடையே 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்தின் பொது அணியில் ஆடியும் தங்கம் பெற்றார். 2013இல் அவரை மறுபடியும் சோதித்தவர்கள், பாரா போட்டிக்கு வேண்டிய அளவு குறைபாடு அவருக்கு இல்லை என்று முடிவு செய்தார்கள். வலி அப்படியேதான் இருந்தது, தகுதி மட்டும் போய்விட்டது. எதிராளியிடம் தோற்று வெளியேறுவது விளையாட்டில் சகஜம். அளவுகோலிடம் தோற்று வெளியேறுவதும் பாரா விளையாட்டில் நடக்கிறது.

மதிப்பெண் கணக்கு எப்படி?

ஷீத்தல் ஆடும் காம்பவுண்ட் ஓப்பன் பிரிவில் தூரம் 50 மீட்டர், இலக்கின் குறுக்களவு 80 செ.மீ. நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டம் 8 செ.மீ.தான். முதலில் தரவரிசைச் சுற்று. அதில் 72 அம்புகள், உச்சம் 720. அந்த வரிசைப்படி யாருக்கு யார் எதிராளி என்று அமையும். பிறகு ஒருவருக்கு ஒருவர் மோதும் நாக்அவுட். ஒவ்வொருவருக்கும் 15 அம்புகள், உச்சம் 150. மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 வினாடிகள். அந்த 20 வினாடிகளுக்குள்தான் ஷீத்தல் காலால் வில்லைத் தூக்குவது முதல் தாடையால் விடுவது வரை எல்லாம் நடக்க வேண்டும்.

பாரிஸ் பாராலிம்பிக்கில் எடுத்த அந்தக் காணொளி, அவர் பதக்கம் வென்ற போட்டியா?

இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியதே இந்தக் கேள்வியால்தான். இல்லை. உலகம் கைதட்டிய அந்தப் பத்துப் புள்ளி அம்பு, அவர் தோற்ற போட்டியில் எய்தது.

நடந்தது இதுதான். 2024 ஆகஸ்ட் 29 அன்று தரவரிசைச் சுற்றில் ஷீத்தல் 720க்கு 703 எடுத்தார். அதுவரை இருந்த உலகச் சாதனை 698. அதைத் தாண்டிவிட்டார். ஆனால் அதே சுற்றில் துருக்கியின் ஓஸ்னூர் கியூர் 704 எடுத்தார். உலகச் சாதனையைத் தாண்டியும் இரண்டாம் இடம், ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

இரண்டு நாள் கழித்து நாக்அவுட்டில் எதிரே வந்தவர் சிலியின் மரியானா சூனிகா, டோக்கியோவில் வெள்ளி வென்ற அனுபவசாலி. ஷீத்தலின் ஓர் அம்பு நடு வட்டத்தில் போய்த் தைத்தது, அரங்கம் எழுந்தது, காணொளி பறந்தது. போட்டியின் முடிவு 138–137. ஷீத்தல் வெளியேறினார். இங்கேயும் ஒரே ஒரு புள்ளி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தரவரிசையில் அவருடைய சராசரி அம்புக்கு 9.76. சூனிகாவுக்கு எதிராக 9.13. தரவரிசையில் எய்த அளவுக்கு எய்திருந்தால் 146ஐத் தொட்டிருப்பார். 72 அம்புகள் எய்யும்போது ஒரு தவறை மறக்க நேரம் இருக்கிறது. 15 அம்புகளில் இல்லை. பதினேழு வயதில், எதிராளி பக்கத்திலேயே அமர்ந்திருக்க, அத்தனை ஆயிரம் பேர் தன் பெயரைக் கத்தும்போது கால் கொஞ்சம் நடுங்கினால் அதில் வியப்பு இல்லை. அவருடைய குறைபாட்டுக்கும் அந்தத் தோல்விக்கும் தொடர்பு இல்லை. அது எந்த இளம் வில்லாளிக்கும் நேர்வது. அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் முடிவைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. வியப்பதற்கு மட்டும் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் தோற்றதைக் கண்டுகொள்ளாமல் விடுவது அவரைப் போட்டியாளராக மதிப்பதாகாது.

அப்படியானால் பாரிஸ் பதக்கம் எதில் கிடைத்தது?

கலப்பு அணிப் பிரிவில், ராகேஷ் குமாரோடு சேர்ந்து. இதில் ஓர் ஆண், ஒரு பெண் இருவரின் புள்ளிகளும் கூட்டப்படும். ராகேஷும் ஜம்மு காஷ்மீர்க்காரர், முதுகுத்தண்டுக் காயத்தால் சக்கர நாற்காலிக்கு வந்தவர், கத்ராவில் பயின்றவர். அவர் தரவரிசையில் எடுத்த 696ஐ ஷீத்தலின் 703உடன் கூட்டினால் 1399. அது அப்போது கலப்பு அணிக்கான உலகச் சாதனை. அரையிறுதியில் ஈரானுடன் 152–152 என்று சமனாகி, கூடுதல் அம்புகளில் தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இத்தாலியை 156–155 என்று வென்றார்கள். மறுபடியும் ஒரே புள்ளி, இம்முறை அவர்கள் பக்கம். அந்தப் பதக்கத்தோடு ஷீத்தல் இந்தியாவின் மிக இளம் வயதுப் பாராலிம்பிக் பதக்க வீராங்கனை ஆனார்.

அதற்கு முன்பு?

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய பாரா போட்டியில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. தனிநபர் இறுதியில் சிங்கப்பூரின் நூர் ஷாஹிதா ஆலிமை 144–142 என்று வென்றார். அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது. வில்லுக்கு அர்ஜுனன் பெயரில் விருது கிடைப்பது பொருத்தம்தான். ஏகலைவனை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டவர், கால் கட்டைவிரலை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

ஓஸ்னூர் கியூரோடு அவருக்கு ஏதோ கணக்கு இருக்கிறது என்கிறார்களே?

2023 ஜூலையில் செக் குடியரசின் பில்சன் நகரில் உலக பாரா சாம்பியன்ஷிப் இறுதி. ஷீத்தலுக்குப் பதினாறு வயது, முதல் உலக சாம்பியன்ஷிப். ஓஸ்னூரிடம் தோற்று வெள்ளி பெற்றார். 2024 பாரிஸில் 704க்கு 703. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் குவாங்ஜுவில் மீண்டும் உலக சாம்பியன்ஷிப் இறுதி, எதிரே மீண்டும் ஓஸ்னூர். ஷீத்தல் 146, ஓஸ்னூர் 143. மேலே நான் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? தரவரிசைச் சராசரிப்படி வர வேண்டியது 146 என்று சொன்னேன். அதை இறுதிப் போட்டியின் அழுத்தத்திலேயே எடுத்துவிட்டார். கைகள் இல்லாத ஒரு பெண் வில்வித்தையில் உலகப் பட்டம் பெறுவது அதுவே முதல் முறை. ஆனால் அந்த 146 என்ற எண்தான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

ஹர்விந்தர் சிங் தங்கம் வென்றாரே, அவரும் இதே பிரிவா?

ஓப்பன் பிரிவுதான், வில் வேறு. ஹரியானாவின் ஹர்விந்தர் ஆடுவது ரிகர்வ். சக்கரங்கள் இல்லாத, இழுத்த விசை முழுவதையும் எய்பவரே தாங்க வேண்டிய வில். தூரம் 70 மீட்டர், இலக்கு 122 செ.மீ. அங்கே செட் முறை. மூன்று அம்புகள் ஒரு செட், வென்றால் இரண்டு புள்ளி, ஆறு புள்ளியை முதலில் எட்டுபவர் வெற்றி. குழந்தையாக இருந்தபோது டெங்குக் காய்ச்சலுக்குப் போட்ட ஊசிகளின் விளைவாக அவருடைய கால்கள் பாதிக்கப்பட்டன. டோக்கியோவில் வெண்கலம் வென்று வில்வித்தையில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். பாரிஸ் இறுதியில் போலந்தின் லூகாஷ் சிஷெக்கை 6–0 என்று வீழ்த்தித் தங்கம் பெற்றார். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் வில்வித்தையில் இந்தியாவுக்கு அதுவே முதல் தங்கம்.

ஷீத்தல் ஒலிம்பிக்கிலும் ஆட முடியுமா?

மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கில் அம்பெய்வது புதிதல்ல. நெரோலி ஃபேர்ஹால் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். இத்தாலியின் பாவோலா ஃபாண்டாட்டோ 1996இல் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் ஆடினார். ஈரானின் ஜஹ்ரா நெமாட்டி 2016 ஒலிம்பிக்கில் தன் நாட்டுக் கொடியை ஏந்தி வந்தார். அவர் பாராலிம்பிக்கில் தொடர்ந்து மூன்று முறை தங்கம் வென்றவர். இவர்கள் எல்லோரும் ரிகர்வ் வில்லாளிகள். ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில்லுக்கு இதுவரை இடமே இருந்ததில்லை.

2028 லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் முறையாகக் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண். இந்தியாவில் காம்பவுண்ட் பெண்கள் பலரும் உலகத் தரம் என்பதால் அந்த ஓர் இடத்துக்கு நெரிசல் அதிகம். ஆனாலும் 2025 நவம்பரில் ஷீத்தல் மற்ற வீராங்கனைகளோடு சேர்ந்து தேர்வுப் போட்டியில் எய்து, ஆசியக் கோப்பைக்கான இந்தியாவின் பொது ஜூனியர் அணியில் இடம் பெற்றார். தனி ஒதுக்கீடு ஏதும் இல்லை, மதிப்பெண்ணால் வந்த இடம்.

பார்வையற்றவர்களும் அம்பெய்கிறார்களா?

ஆம். பாராலிம்பிக்கில் இல்லை, உலக சாம்பியன்ஷிப்பில் உண்டு. 30 மீட்டர் தூரம். புறங்கையால் தொட்டு உணரும் ஒரு தாங்கியை வைத்துக் குறி பிடிப்பார்கள்.

இத்தனை விளையாட்டுகள் இருக்க, மாற்றுத்திறனாளிகளுக்கு வில்வித்தை எப்படி வந்தது?

பாராலிம்பிக் இயக்கமே வில்லில்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுக் காயம்பட்ட போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்தார் டாக்டர் லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் பதினாறு பேரைச் சக்கர நாற்காலிகளில் அமர்த்தி வில்வித்தைப் போட்டி நடத்தினார். பதினான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். தோளும் முதுகும் வலுப்பெற வேண்டியவர்களுக்கு வில் நல்ல பயிற்சி. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், எதிராளி மேல் மோதவும் வேண்டாம். 1960 ரோம் பாராலிம்பிக் முதல் இன்றுவரை வில்வித்தை இல்லாத பாராலிம்பிக் நடந்ததில்லை.

ஒரு பாரா வில்லாளி எத்தனை வயது வரை ஆடலாம்?

ஷீத்தலின் பயிற்சியாளர்கள் பார்த்துக் கற்ற மேட் ஸ்டட்ஸ்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் வெள்ளி வென்றபின் இரண்டு பாராலிம்பிக்குகளில் வெறுங்கையோடு திரும்பினார். அவரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் அவரே சிரிப்பார் என்று நினைக்கிறேன். பாரிஸ் இறுதியில் சீனாவின் ஐ ஷின்லியாங்கை 149–147 என்று வென்று முதல் தங்கத்தைப் பெற்றார். பதினைந்து அம்புகளில் பதினான்கு பத்து, ஒரே ஒரு ஒன்பது. அப்போது அவருக்கு வயது 41.

ஷீத்தலுக்கு 41 ஆகும்போது ஆண்டு 2048. அதற்குள், 2028ஐயும் சேர்த்து, ஆறு பாராலிம்பிக்குகள் இருக்கின்றன.